பூம்புகார், தரங்கம்பாடி கடலில் கயாக்: முதல்முறை போகிறவர்களுக்கு

பூம்புகாரில் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகு ஓட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணிக்குள்ள பழைய ஊரு தெரிஞ்சுதா?"

தெரியாது. காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் இங்கே கடல் எப்போதும் கலங்கல்தான். பல நாள் துடுப்பின் அலகே ஒரு முழ ஆழத்தில் மறைந்துவிடும். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1981 முதல் பூம்புகார்க் கடலில் ஆய்வு செய்தது. தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் தொடங்கிவைத்த வேலை. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஒரு அமைப்பைப் பார்த்தார்கள். அது மனிதர் கட்டியதுதானா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. எப்படியிருந்தாலும், அதன் நேர் மேலே நீங்கள் கயாக்கில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படுவது பழுப்புத் தண்ணீர்தான். மூழ்கிய நகரத்தைக் காட்டுகிறேன் என்று யாராவது விளம்பரம் போட்டால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் எதற்குப் போவது? கடலுக்குள் இருந்துகொண்டு கரையைப் பார்க்கத்தான். ஆயிரம் வருடமாக இந்தக் கரைக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். நாம்தான் பேருந்தில் வந்து பின்பக்கமாக நுழைகிறோம்.

எங்கே தொடங்குவது

நேராகப் பூம்புகார்க் கடலில் இறங்க வேண்டாம். நான் சொல்லும் வரிசை இது: முதலில் உப்பங்கழி, பிறகு மனோரா அல்லது தரங்கம்பாடி, கடைசியில் பூம்புகார்.

டெல்டாவின் வடக்கு ஓரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அலை கிடையாது. அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகில் ஒருமுறை போய்வந்தால் நீரோட்டம் எப்படி இழுக்கிறது என்பதாவது உடம்புக்குப் புரியும். சற்றுத் தெற்கே, கொள்ளிட முகத்துவாரத்தை ஒட்டித் தேவிக்கோட்டை. 1749இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை, இளம் கிளைவ் சண்டை போட்ட இடம். பெயரில் கோட்டை இருக்கிறதே என்று மதிலையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மனோரா தஞ்சை மாவட்டத்தில் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பாக் விரிகுடாவின் கரையில் நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய அறுகோணக் கோபுரம். அங்கே கடல் ஆழமில்லை, வங்கக் கடலின் பெரிய அலையும் வந்து சேர்வதில்லை. புதியவருக்குத் தோதான தண்ணீர். ஒரே தொல்லை சேறு. இறங்கும்போது முழங்கால் வரை உள்ளே போகும், செருப்பு திரும்பி வராது. அடியில் கடற்புல் வளர்ந்திருக்கும் இடத்தில் துடுப்பை ஊன்றித் தள்ளாதீர்கள். அது கடற்பசு மேயும் புல். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது.

கண்ணுக்கு விருந்து என்றால் தரங்கம்பாடிதான். கரையிலிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை ஒரு பக்கம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஐ ஒட்டிக் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் இன்னொரு பக்கம். கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கருங்கல்லைக் கொட்டித் தடுத்து, மிச்சத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். தரையில் நின்று பார்த்தால் கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில், அவ்வளவுதான். தண்ணீரில் உட்கார்ந்து பார்க்கும்போது, நீங்கள் மிதக்கும் இடத்துக்கும் அந்தக் கல்குவியலுக்கும் நடுவில் எங்கோ ஒரு மண்டபம் நின்றிருக்கிறது என்பது உறைக்கும். அந்தக் காலத்தில் கப்பல் இங்கே கரையை நெருங்க முடியாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளில் சரக்கை இறக்குவார்கள். கோட்டையின் கடல்முகத்தை அந்தப் படகுக்காரன் பார்த்த உயரத்திலிருந்துதான் நீங்களும் பார்க்கிறீர்கள்.

கோடியக்கரையைப் பற்றியும் கேட்பார்கள். சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் சிதைவு 2004 சுனாமியில் போய்விட்டது. சுற்றிலும் சரணாலயம், வனத்துறை அனுமதி வேண்டும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம்

தை பிற்பகுதி தொடங்கிப் பங்குனி வரை. பிப்ரவரியும் மார்ச்சும் உத்தமம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றிலும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலே கயாக்கைக் கட்டிப் போட்டுவிடுங்கள். அது பெரிய கப்பலுக்கான எச்சரிக்கை, நமக்கு என்ன என்று பேசுகிறவரோடு கடலுக்குப் போகாதீர்கள்.

எல்லோரும் ஏமாறுவது ஆனி, ஆடி, ஆவணிக் காலையில். நானும் ஏமாந்தேன். ஒரு ஜூலை மாதம், காலை ஆறரை மணி. கடல் கண்ணாடி போலக் கிடந்தது. கரையோரம் நுரைகூட இல்லை. கூட்டிப் போனவரும் புதியவர், நானும் புதியவன். இருபது நிமிடத்தில் வெகுதூரம் வந்துவிட்டோம், இவ்வளவு வலு எனக்கு எங்கிருந்து வந்தது என்று மனதுக்குள் பெருமை வேறு. திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. மேற்கிலிருந்து கச்சான் அடித்துக்கொண்டிருக்கிறது. கரைக்குப் பின்னாலிருந்து வரும் காற்று, கரையோரத் தண்ணீரைத் தட்டையாக அமுக்கி வைத்திருக்கும். உள்ளே போகப் போகத்தான் முதுகில் கைவைத்துத் தள்ளும். நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டும் கரையில் இருந்த பனைமரம் அதே உயரத்தில்தான் இருந்தது. பாடு முடித்துத் திரும்பிய ஒரு ஃபைபர் படகுதான் கயிறு போட்டு இழுத்துவந்தது. அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், இருந்த பெரியவர் திட்டக்கூட இல்லை. "கச்சான் அடிக்கயில கடலு இப்புடித்தான் தம்பி பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். கரையில கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்துட்டு எறங்க மாட்டியளா?" என்றார்.

அன்றிலிருந்து நான் கடலைப் பார்ப்பதற்கு முன் கொடியைப் பார்க்கிறேன். கட்சிக் கொடி, கோயில் கொடி, படகின் கம்பத்தில் கட்டிய துணி, எதுவானாலும் சரி. துணி கடலைப் பார்த்துப் பறந்தால் புதியவர் இறங்கக் கூடாது. கரையைப் பார்த்துப் பறந்தால் அலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் காற்று உங்களை வீட்டுப் பக்கம் தள்ளும்.

பருவம் எதுவானாலும் விடிந்ததும் இறங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் கரையேறிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பி அலையைக் கிளப்பும். முந்தைய நாள் இரவு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வலைக்காரர் சொல்வதைக் கேட்கலாம்.

ஆடிப்பெருக்கு, தை அமாவாசை, சித்திரைப் பௌர்ணமி நாட்களில் பூம்புகார் சங்கமத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

கூட்டிப் போகிறவரிடம் என்ன கேட்பது

டெல்டாக் கரையில் எல்லா ஊரிலும் கயாக் வைத்து நடத்துகிறவர்கள் இல்லை. சென்னை, புதுச்சேரிப் பக்கமிருந்து குழுவாக வருகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் கட்டணத்துக்கு முன் வேறு சில கேள்விகள் இருக்கின்றன.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? புதியவர்கள் என்றால் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது என் கணக்கு. துணைக்கு இயந்திரப் படகு கூட வருமா? கடலில் இது கட்டாயம். உயிர்காப்பு மேற்சட்டை என் அளவுக்கு இருக்கிறதா? போட்டுக்கொண்டு, இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்களுடையது இல்லை. கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் சொல்லியிருக்கிறீர்களா? ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மதம் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைச் சிலர் அலட்சியமாக நினைப்பார்கள். மீனவ ஊரில் கரை என்பது பொதுவிடம் மட்டும் அல்ல. படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம், ஏலம் போடும் இடம் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுப்பார்கள். அந்த நாளில் நீங்கள் ஆரஞ்சு நிறக் கயாக்கோடு போய் இறங்கினால் நன்றாக இருக்காது. ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்திருக்கும் குழு என்றால் இந்தக் கவலையே இல்லை.

ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

புதியவருக்கு மேலே உட்காரும் வகைக் கயாக்தான் நல்லது. கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், தண்ணீரும் தானாக வடிந்துவிடும். நீச்சல் தெரியாவிட்டால் உப்பங்கழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்சட்டை மிதக்க வைக்கும். பயத்தை அது என்ன செய்யும்?

முந்தைய நாள், தரையில்

இதைத் தவிர்க்காதீர்கள். இதைப் பார்க்காமல் கடலில் இறங்கினால் பார்ப்பது எதுவும் புரியாது.

கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை இருக்கிறது. அங்கே கிடைத்த மரக் கம்பத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்று வந்தது. படகைக் கொண்டுவந்து கட்டிப்போட்ட இடம் இன்று கடலைவிட்டு உள்ளே, வயல்களுக்கு நடுவில். பக்கத்தில் பல்லவனீச்சரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம். மாறாகக் கடற்கரையில், அலை ஏறி இறங்கும் மணலில், உறைகிணறுகளும் செங்கல் கட்டடங்களும் வெளிப்பட்டிருக்கின்றன. குடிதண்ணீர்க் கிணறு அலைக்குள் கிடக்கிறது, படகுத்துறை வயலில் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல் கரையைத் தின்றது, இன்னொரு பக்கம் ஆறு தன் பழைய வாய்க்காலைத் தூர்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. மணிமேகலை சொல்லும் கடல்கோளை ஒரே இரவுக் கதையாக நினைத்திருந்த எனக்கு, இந்த இரண்டு இடத்தையும் ஒரே மாலையில் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

ஊரில் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். கடலுக்கடியில் எடுத்தவற்றை வைத்திருக்கிறார்கள். பூம்புகாருக்கு வெளியே ஒரு கப்பல் சிதைவிலிருந்து, 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயப் பாளங்கள் கிடைத்தன. சங்க காலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் கடல் எல்லாக் காலத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி.

உடை, சாப்பாடு

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல். முழுக்கைச் சட்டை, சீக்கிரம் காயும் கால்சட்டை, நாடா கட்டிய தொப்பி. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. காலில் பின்பட்டை வைத்த செருப்பு. காலையில் இரண்டு இட்லி போதும். பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு அலையில் ஆடினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புச் சர்க்கரைக் கரைசல். கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டு எண்ணையும் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அலையைத் தாண்டுவது

உடைகிற அலைதான் பரீட்சை. கரையில் நின்று பத்து நிமிடம் சும்மா பாருங்கள். நான்கைந்து பெரிய அலை வரிசையாக வரும், பிறகு ஒரு ஓய்வு. அந்த ஓய்வில்தான் இறங்க வேண்டும். அணியம், அதாவது கயாக்கின் முன்முனை, அலைக்கு நேராக இருக்கட்டும், பக்கவாட்டில் காட்டினால் உருட்டிவிடும். முழங்கால் ஆழத்தில் ஏறி உட்கார்ந்ததும் நிறுத்தாமல் துடுப்புப் போடுங்கள். அலை முகத்துக்கு வரும்போது உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்போது முன்னால் குனியுங்கள். உள்ளங்கை வேர்க்கும், கண் மூடிக்கொள்ளும். துடுப்பு மட்டும் நிற்கக் கூடாது.

காவிரி வாயில் வழியாக வெளியேறலாமே, அங்கே அலை குறைவாகத் தெரிகிறதே என்று தோன்றும். கோடையில் அங்கே மணல்திட்டு அடைத்திருக்கும். தண்ணீர் வரும் காலத்தில் ஆறு வெளியே தள்ள, அலை உள்ளே தள்ள, இரண்டும் மோதுகிற இடத்தில் தண்ணீர் கொதிக்கிற உலை மாதிரி இருக்கும். நன்றாக நீந்துகிறவர்களையும் இழுத்துக்கொள்ளும் இடம் அது. மீன்பிடித் துறைமுக வாயிலையும் விட்டு விலகுங்கள், காலையில் படகுகள் வேகமாகத் திரும்பும்.

துடுப்பின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் திருப்பிப் பிடிப்பார்கள். கையால் இழுக்காதீர்கள், இடுப்பைத் திருப்புங்கள். துடுப்பு தண்ணீரில் இருக்கும் அதே பக்கக் காலால் கயாக்கை உதையுங்கள். விரல்களை இறுக்கிப் பிடித்தால் அரைமணியில் கொப்புளம்.

உள்ளே போன பிறகு

புதியவர் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போவார். பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி கடல்வழியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று ஆசை காட்டுவார்கள். முதல் பயணத்தில் வேண்டாம். கரைக்கு இணையாக ஒரு கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்புங்கள். நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிராக முதலில் போனால், களைத்த பிறகு அதுவே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்.

வழிகாட்டி துடுப்பைத் தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் நில். நிமிர்த்திப் பிடித்தால் என்னிடம் வா. மூன்று விசில் என்றால் ஆபத்து. இறங்கும் முன் எல்லோரும் ஒருமுறை செய்துகாட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் கீழே வலை இருக்கிறது. குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள். பிப்ரவரியும் மார்ச்சும் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம். தண்ணீரில் தேங்காய் மிதக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அது மூச்சுவிட்டுவிட்டு மூழ்கும். துரத்தாதீர்கள். சொறி (ஜெல்லி மீன்) உடம்பில் பட்டால் தேய்க்காமல் கடல்நீரை ஊற்றிக் கழுவுங்கள்.

கவிழ்ந்தால்

கவிழ்வீர்கள். முன்கூட்டியே உப்பங்கழியில் நான்கு முறை வேண்டுமென்றே கவிழ்ந்து பழகியிருந்தால் அது ஒரு குளியல்தான். கயாக்கை விடாதீர்கள், துடுப்பையும் விடாதீர்கள். கயாக்கை நிமிர்த்துங்கள். நடுப்பகுதியில் பக்கவாட்டில் வந்து, கால்களைப் பின்னால் நீட்டி அடித்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வயிற்றைக் கயாக்கின் மேல் போடுங்கள். மூச்சு வாங்கியதும் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். எல்லோரும் முதலில் காலைத்தான் மேலே போடப் பார்ப்பார்கள், கயாக் மறுபடியும் தலையில் கவிழும்.

கரையேறும்போது

அடிபடுவது பெரும்பாலும் போகும்போது அல்ல, வரும்போதுதான். அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருங்கள். பெரிய அலை ஒன்று உங்களைக் கடந்து போனதும் அதன் முதுகைத் தொடர்ந்து வாருங்கள், முன்னால் ஓடாதீர்கள். கால் தரையில் பட்டதும் கடல் பக்கமாக இறங்குங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. அடுத்த அலை கயாக்கைத் தூக்கி உங்கள் முழங்காலில் வைக்கும்.

இழுத்துப் போடும்போது மணலில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு பழைய பானை ஓட்டுச் சில்லு தட்டுப்படலாம். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் கை பரபரக்கும். படம் எடுங்கள், கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். காசு, சிலை மாதிரி ஏதாவது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பிறகு சாப்பாட்டுக் கடை தேடி ஓடுவதற்கு முன், காலையில் தகவல் சொன்ன நிலையத்துக்குப் போன் போட்டு, எத்தனை பேர் போனோமோ அத்தனை பேரும் கரையேறிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் இதை மறந்துவிட்டு மீன் குழம்பில் உட்கார்ந்திருப்பார்கள்.